காருக்கும் உண்டு கைப்பக்குவம்!

"வாசல்ல கார் நிக்குது. இனிமே உங்களுக்கென்ன அண்ணி குறைச்சல்?" என்று என் சின்ன நாத்தனார் போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கார் வீட்டுக்கு வந்து பத்தாவது நாள் அது. அதன் பானெட்டை என் கையாலேயே பாழாக்கிவிட்டு, இவர் வந்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

அதை ஏன் கேட்கிறீர்கள்! ஒரு காரைத் துடைப்பதில் இத்தனை விஷயம் இருக்கும் என்று யார் கண்டது? பாத்திரம் துலக்கத் தெரிந்தவளுக்குக் கார் துடைக்கத் தெரியாதா என்று இறங்கினேன். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னைப் போல் புதிதாகக் கார் வாங்கிய சகோதரிகள், அதிலும் வீட்டில் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள், இதை அவசியம் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் செஞ்சி. தெருவில் நின்று நிமிர்ந்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். இவர் நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறார். மாமியாரை மாதம் ஒரு முறை புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ்ஸில் அவர்களால் முடியாது. வாடகைக் காருக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த பிறகு, 2025 ஆவணியில் மெரூன் கலரில் ஒரு பழைய கார் வாங்கினோம். என் வளையல் இரண்டு அதற்காக இன்னும் அடகில் இருக்கின்றன. அந்தக் கார் எங்களுக்கு அலங்காரப் பொருள் இல்லை என்பது புரிந்திருக்கும்.

அந்த ஜூலை மாதம்தான் எங்கள் செஞ்சிக் கோட்டையை, மராட்டியர் காலத்து மற்ற பதினோரு கோட்டைகளோடு சேர்த்து, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருந்தது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். "ஆயுத பூஜை லீவுக்குக் கோட்டை பாக்க வர்றோம்க்கா" என்று சென்னையிலிருந்து என் தம்பி சொல்லிவிட்டான். தம்பி பெண்டாட்டி முன்னால் கார் பளபளவென்று இருக்க வேண்டாமா? அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது.

பச்சை நாரும் பவுடரும்

எங்கள் ஊர்ப் புழுதி சாமானியப் புழுதி இல்லை. புதுச்சேரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் தேசிய நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போகிறது. ஜல்லி லாரி ஒரு பக்கம், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் வண்டிகள் ஒரு பக்கம், அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஒரு பக்கம். காலையில் துடைத்தால் சாயங்காலம் காரின் மேல் விரலால் கோலம் போடலாம்.

புழுதியோடு, சாலையில் போட்ட புதுத் தார் வேறு பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. தோசைக்கல்லில் ஒட்டிய மாவு போகாவிட்டால் என்ன செய்வோம்? பச்சை நாரை எடுத்துப் பாத்திரம் துலக்கும் பவுடரைப் போட்டு ஒரு தேய்! தார் போயிற்று. கூடவே பளபளப்பும் போயிற்று. காய்ந்ததும் பார்க்கிறேன், ஒரு முறம் அகலத்துக்குப் பானெட் பனி படிந்த கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

இவர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. பெரிய ஊரில் இருக்கும் ஒரு கடைக்குப் போன் போட்டு, "டீடெய்லிங்" என்று சொல்கிறார்களே, அப்படி முழுக் காரையும் மெருகேற்றித் தர எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார். அவர்கள் சொன்ன தொகை எங்கள் இரண்டு மாத மளிகைச் செலவு!

பாய் சொன்ன பாடம்

மறுநாள் எங்கள் தெருக்கோடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் பாயிடம் போனேன். முப்பது வருஷமாகக் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வந்து பார்த்தார். சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, வெளுத்த இடத்தில் ஊற்றினார். அட, வெளுப்பு மறைந்துவிட்டது! தண்ணீர் வழிந்து காய்ந்ததும் மறுபடி தெரிந்தது.

"பயப்படாதம்மா. தண்ணி பட்டா மறையுது இல்ல? மேல்பூச்சுலதான் கீறல். நகத்தால கோடு போட்டுப் பாரு. நகம் மாட்டலைன்னா தேய்ச்சு எடுத்துடலாம். மாட்டினா பெயிண்ட் வேலைதான்."

நகம் மாட்டவில்லை. அப்பாடா!

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோதுதான், சின்ன வயசில் அப்பாவிடம் பார்த்த ஒரு விஷயத்துக்கு விளக்கம் கிடைத்தது. அப்பா திண்டிவனத்தில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். அம்மாவின் பழைய நூல் புடவையைக் கிழித்து, அதில் பாலிஷைத் தொட்டுத் தேய்ப்பார். துணியில் காரின் கலர் ஒட்டிக்கொண்டு வரும். "பார், எவ்வளவு அழுக்கு!" என்பார். அது அழுக்கே இல்லையாம், பெயிண்ட்தானாம்! அந்தக் காலத்து வண்டிகளில் மேலே இருப்பதும் அடியில் இருப்பதும் ஒரே கலர் பெயிண்ட். எத்தனை முறை தேய்த்தாலும் அதே நிறம் வரும். 2014-ல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலும் கலருக்கு மேலே நிறமில்லாத ஒரு மேல்பூச்சு இருக்கிறது. "க்ளியர் கோட்" என்கிறார்கள். பளபளப்பு முழுவதும் அதில்தான். கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் 40, 50 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்கு. நம் தலைமுடியை விட மெல்லியது. பச்சை நார் அதைத்தான் சீவித் தள்ளியிருக்கிறது.

இன்னொன்றும் பாய் சொன்னார். "கம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் மூணும் ஒண்ணுன்னு நெனைச்சுக்கிட்டு வாங்கிடாதம்மா." இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரப்பிங் கம்பவுண்ட் என்பது மிக நுண்ணிய மணல் மாதிரி. மேல்பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துக் கீறலைச் சமன் செய்கிறது. பாலிஷ் அதையே இன்னும் மென்மையாகச் செய்கிறது. வாக்ஸ் எதையும் தேய்ப்பதில்லை, மேலே படிகிறது. தோசைக்கல்லைத் தேய்ப்பது வேறு, தேய்த்த பிறகு எண்ணெய் தடவிப் பழக்குவது வேறு இல்லையா? அப்படித்தான். கீறல் இல்லாத காருக்குக் கம்பவுண்ட் வேண்டவே வேண்டாம். வருஷத்துக்கு நாலு முறை கம்பவுண்ட் போட்டால் மேல்பூச்சு கரைந்தே போகும். வாக்ஸை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாராளமாகப் போடலாம்.

எது எங்கே கிடைக்கும்?

பாய் எழுதிக் கொடுத்த சீட்டோடு காந்தி பஜாருக்குக் கிளம்பினேன். முதல் கடையில், "கார் துடைக்கிற மைக்ரோஃபைபர் துணி இருக்கா?" என்றேன். கடைப் பையன் ஒரு கிலோ பனியன் வேஸ்ட்டை எடுத்து வைத்தான். "எல்லாரும் இதாங்கா வாங்குவாங்க!" திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி விழும் துண்டுகள்தான் இந்தப் பனியன் வேஸ்ட். சக்கரம், எஞ்சின், எண்ணெய்க் கறை துடைக்கத் தங்கமானது. பெயிண்ட் மேல் மட்டும் படக் கூடாது. அதில் தடித்த தையல் இருக்கும், சமயத்தில் பட்டன் கூட இருக்கும்!

மூன்று நாள் அலைந்து சேகரித்ததை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

துணி: மைக்ரோஃபைபர் துணி சூப்பர் மார்க்கெட்டில், வீட்டைச் சுத்தம் செய்யும் சாமான்கள் பகுதியில் கிடைத்தது. பாலியெஸ்டரையும் நைலான் வகை இழையையும் முடியை விட மெல்லியதாகப் பிரித்து நெய்தது. தூசியை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். மூன்று நிறத்தில் வாங்குங்கள். பெயிண்டுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. கலக்கவே கூடாது. துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், இழை அடைத்துக்கொண்டு தூசியைப் பிடிக்காது. கீழே மண்ணில் விழுந்த துணியை உதறிவிட்டுப் பெயிண்டில் வைக்காதீர்கள். துவைத்த பிறகே தொட வேண்டும்.

ஷாம்பு: டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடையிலேயே கார் ஷாம்பு இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீருக்கு மூடியால் ஒன்றிரண்டு மூடி போதும், பாட்டில் மாதக்கணக்கில் வரும். பாத்திரம் தேய்க்கும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவென்றே செய்தது. அது அழுக்கோடு நாம் போட்ட வாக்ஸையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம்.

கம்பவுண்ட், பாலிஷ்: கார் பெயிண்ட் விற்கும் கடையில் கிடைக்கும். "மெல்லிசு" கேட்டு வாங்குங்கள். சிறிய டப்பாவே போதும். உப்புத்தாள் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பட்டறைக்காரர் கையில் இருக்க வேண்டியது.

வாக்ஸ்: எனக்கு வேண்டியது எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. தம்பியிடம் சொன்னேன். சென்னையில் மவுண்ட் ரோடை ஒட்டிய ஜி.பி. ரோடு என்ற ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு முழுக்கக் கார் சாமான் கடைகள்தான். அங்கிருந்து ஒரு டப்பா வாங்கி அனுப்பினான்.

மற்றவை வீட்டிலேயே இருக்கின்றன. இரண்டு வாளி, பழைய பல் துலக்கும் பிரஷ், சின்னப் பெயிண்ட் பிரஷ் ஒன்று. ஏ.சி. காற்று வரும் இடுக்கில் தூசி தட்ட அதற்கு இணை கிடையாது. எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

அந்த வாக்ஸ் டப்பாவில் "கார்னூபா" என்று போட்டிருந்தது. அது என்ன என்று என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை மரத்தின் பெயராம்! வறட்சியான அந்த ஊரில் ஓலையின் ஈரம் காய்ந்து போகாமலிருக்க மரம் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் மெழுகு தூளாக உதிருமாம். தேன்மெழுகு 60-லிருந்து 65 டிகிரிக்குள் உருகிவிடும். இது உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்கு ஏற்றதுதானே! குழந்தைகள் சாப்பிடும் பளபள மிட்டாய்களின் மேலும் இதே மெழுகைத்தான் பூசுகிறார்களாம். நம் விழுப்புரம் மாவட்டத்துப் பனை மரங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, எங்கேயோ இருக்கும் ஒரு பனை எங்கள் காருக்குக் குடை பிடிப்பது விநோதமாகத்தான் இருந்தது.

அரிசி களைவது போல

கழுவும் முறையை நம் சமையலறைப் பாஷையிலேயே சொல்லட்டுமா? அரிசி களையும்போது கல் அடியில் தங்குகிறது இல்லையா? காரிலும் எதிரி அந்தக் கல்தான். கருங்கல் தூள் படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். "தினம் ஒரு தடவை சும்மா ஒரு துடை" என்கிறோமே, சிலந்தி வலை மாதிரிக் கீறல் வருவது அதனால்தான்.

கார் நிழலில் நிற்க வேண்டும், பானெட் கையால் தொட்டால் சுடக் கூடாது. காலை நேரம் உத்தமம். முதலில் தனித் துணியால் சக்கரங்களை முடித்துவிடுங்கள். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, மண் தானாக இறங்கவிடுங்கள். ஒரு வாளியில் ஷாம்பு நுரை, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். நுரையில் தோய்த்த துணியால் மேற்கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று மேலிருந்து கீழாக வாருங்கள். அழுத்த வேண்டாம். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் இழுங்கள். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி நுரையில் போட வேண்டும். கடைசியில் அந்த அலசல் வாளியின் அடியைப் பாருங்கள், படிந்திருக்கும் மண்ணைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. தானாகக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதனால் ஈரம் காய்வதற்குள் ஒற்றி எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் விழுந்த பழைய புள்ளிக்கு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து, உடனே கழுவினால் போகும். காக்கை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு வைத்தால் ஊறி வந்துவிடும். ஆனால் நாள் கணக்கில் விட்டால் பெயிண்டையே அரித்துவிடும்.

பெடல், ஸ்டியரிங், டயரின் தரையில் படும் பாகம், பிரேக் தட்டு இந்த நாலிலும் பாலிஷோ ஸ்ப்ரேயோ எதுவும் படக் கூடாது. வழுக்கும், உயிருக்கே ஆபத்து. டாஷ்போர்டை ரொம்பப் பளபளப்பாக்கினாலும் வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண் கூசும்.

கலர் பாட்டில்

இனி நான் சொல்லப் போவதைச் சொல்ல எனக்கு இன்னமும் கை நடுங்குகிறது.

கம்பவுண்ட் வாங்கின அன்று, மிச்சமிருந்த தார்ப் பொட்டுகளுக்காக இவர் பெயிண்ட் கடையில் சில்லறையாகக் கொஞ்சம் தின்னர் வாங்கி வந்தார். வைக்கப் பாத்திரம் இல்லை. வீட்டில் குடித்துவிட்டுக் கழுவி வைத்திருந்த கலர் பாட்டிலில் ஊற்றித் திண்ணை ஓரமாக வைத்தார். நானும் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. கிருஷ்ணாயிலையும் ஆசிட்டையும் பழைய பாட்டிலில் ஊற்றி வைப்பது நம் வீடுகளில் வழக்கம்தானே?

மறுநாள் என் ஓரகத்தி தன் பையனோடு வந்திருந்தாள். அவனுக்கு இரண்டரை வயசு. நான் சோப்புக் கையோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். அவன் திண்ணையில் இருந்தான். "பெரிம்மா, கலர்!" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். மூடியைத் திறந்து வாயில் வைத்துவிட்டான். பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி, பாட்டிலோ அவனுக்குத் தெரிந்த பாட்டில். அவன் பேரில் என்ன தப்பு? நான் பாய்ந்து தட்டிவிட்டேன். சட்டையெல்லாம் கொட்டியது. வாய்க்குள் எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை. இரண்டு முறை இருமினான்.

மாமியார் பதறிப்போய், "உப்புத் தண்ணி குடு, வாந்தி எடுக்கட்டும்" என்று உள்ளே ஓடினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சத்தம் கேட்டு ஓடி வந்த அடுத்த வீட்டு நர்ஸம்மாதான், ரிட்டயரானவர், "யாரும் எதுவும் குடுக்காதீங்க! வாந்தி எடுக்க வெக்காதீங்க!" என்று அதட்டித் தடுத்தார். சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அழுக்கும் நுரையுமாக நின்ற அதே காரில்தான்!

டாக்டர் பையனின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். சாயங்காலம் வரை அங்கேயே வைத்துக்கொண்டு மூச்சையும் காய்ச்சலையும் கவனித்தார்கள். நல்லவேளை, உதட்டோடு போய்விட்டது. ஓரகத்தி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையனை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பானெட் போனபோது இவர் பேசாமலிருந்ததற்காக வருத்தப்பட்டேனே, அதெல்லாம் ஒரு வருத்தமா என்று அன்று தெரிந்தது.

டாக்டர் விளக்கிச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். கத்தரித்து சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

1. கிருஷ்ணாயில், பெட்ரோல், தின்னர், டர்பன்டைன், எண்ணெய் கலந்த பாலிஷ் இவற்றைக் குழந்தை விழுங்கினால், வயிற்றை விட நுரையீரலுக்குத்தான் பெரிய ஆபத்து. வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாயில் இறங்கி, நிமோனியா மாதிரி நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். அதனால் விரலைவிட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்கவே கூடாது.

2. பால், எண்ணெய், மோர் என்று கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

3. நனைந்த துணியைக் கழற்றித் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரமாவது சுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

4. குழந்தை நன்றாக விளையாடினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையோ டப்பாவையோ கையோடு எடுத்துப் போங்கள்.

கார் சாமான்களில் இன்னும் ஒன்றில் கவனம் தேவை. அலாய் வீல் துலக்கவென்று விற்கும் திரவங்கள் சிலவற்றில் கடுமையான அமிலம் இருக்கிறது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்ததானால், தோலில் பட்ட உடனே வலி தெரியாமலே உள்ளே இறங்கிவிடும். வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம், ஷாம்புவும் பழைய பிரஷும் போதும். பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காலத்திலும் சேர்க்காதீர்கள், விஷ வாயுவான குளோரின் கிளம்பும். பாலிஷ் வேலை செய்யும்போது அடுப்பு, ஊதுவத்தி, சிகரெட் பக்கத்தில் இருக்கக் கூடாது. கைக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கை வறண்டு வெடித்துவிடும்.

தார் போக்கத் தின்னரே தேவையில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்! பாயிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "தின்னர் பெயிண்டையே தூக்கிடும்மா. தேங்காய் எண்ணெய் தொட்டு வை, போதும்." பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தார்ப் பொட்டின் மேல் சில நிமிஷம் வைத்தேன். இளகிக் கையோடு வந்துவிட்டது. பிசுக்கை ஷாம்பு எடுத்துவிட்டது. அடுக்களையில் இருந்த மருந்தை விட்டுவிட்டு எங்கேயோ அலைந்திருக்கிறோம்.

பெட்டியும் பூட்டும்

இப்போது எங்கள் வீட்டில் தின்னர் கிடையாது. மற்ற கார் சாமான்கள் எல்லாம் மாமியாரின் பழைய டிரங்குப் பெட்டியில், பூட்டுப் போட்டு, பரண் மேல் இருக்கின்றன. எதையும் வாங்கின டப்பாவிலிருந்து மாற்றுவதில்லை. காலியான கலர் பாட்டிலை மூடியோடு நசுக்கித்தான் குப்பையில் போடுகிறோம். வேலை நடக்கும்போது பெட்டி திறந்திருந்தால், ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

பானெட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் இவருமாகச் சரி செய்தோம். பாய் முதலில் ஒரு சாண் இடத்தில் செய்து காட்டினார். கடலை அளவு கம்பவுண்ட், ஈரத் துணி, லேசான அழுத்தம், ஒரு சாண் சதுரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு பாலிஷ். கடைசியில் வாக்ஸ் மெலிதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் புதுத் துணியால் துடைத்தோம். கை கடுத்துப் போயிற்று. ஆனால் இவர் முகம் அதில் தெரிந்தது! ஒரு மூலையில் மட்டும் லேசாக ஒரு மங்கல் மிச்சம். "இதுக்கு மேல தேய்க்காத. மேல்பூச்சு போயிடும்" என்றார் பாய். விட்டுவிட்டோம்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்போமே, அதிலும் ஒரு யோசனை. குங்குமம் பெயிண்டில் காய்ந்தால் கறை நிற்கும். நான் பொட்டுகளைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்தேன். பானெட்டில் மாலை மட்டும். பூசணிக்காய் உடைத்த குங்குமத் தண்ணீர் தெறித்த இடத்தை அன்றைக்கே கழுவிவிட்டோம்.

தம்பி குடும்பம் வந்தது, கோட்டை பார்த்தது, போயிற்று. கார் பளபளத்ததைத் தம்பி பெண்டாட்டி கவனித்தாளா என்றே எனக்குத் தெரியாது. அன்று என் கண்ணெல்லாம் ஓரகத்தி பையன் மேலேயே இருந்தது. சுண்டலை வாயில் அடைத்துக்கொண்டு, "பெரிம்மா, கார்!" என்று பானெட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவன் கை எண்ணெயெல்லாம் வாக்ஸ் மேல் அப்பியது. அப்பட்டும் என்று விட்டுவிட்டேன். அதைத் துடைக்கத்தான் துணி இருக்கிறதே!

சகோதரிகளே, இதைப் படித்து முடித்ததும் ஒரு நிமிஷம் எழுந்து போங்கள். திண்ணை, குளியலறை, மாடிப்படிக்கு அடி எல்லாம் ஒரு பார்வை பாருங்கள். குடிக்கிற பாட்டிலில் குடிக்கக் கூடாதது எதுவும் இருக்கிறதா? இருந்தால் காரை நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம். அதை இப்போதே அப்புறப்படுத்துங்கள்.